பாதுவா கிறிஸ்து பிறப்புச் சுவரோவியம்: உணர்ச்சியும் குறியீடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் பாதுவா நகரில் ஸ்க்ரோவெக்னி சிற்றாலயம் என்றொரு சிறிய ஆலயம் இருக்கிறது. 1303-க்கும் 1305-க்கும் இடையில் ஜோத்தோ என்ற ஓவியர் அதன் சுவர்கள் முழுவதிலும் மரியாவின் வாழ்க்கையையும் கிறிஸ்துவின் வாழ்க்கையையும் வரிசையாகத் தீட்டினார். அந்த வரிசையில் கிறிஸ்து பிறப்புக் காட்சி ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பலருக்குப் பலமுறை விளக்கிய அனுபவத்தில் திரும்பத் திரும்ப எழுந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃபிரெஸ்கோ என்றால் சுவரில் வரைந்த படம், அவ்வளவுதானே? அதற்கு எதற்குத் தனிப் பெயர்?

சுவரில் வரைந்தவை எல்லாம் ஃபிரெஸ்கோ ஆகிவிடுவதில்லை. சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசிய பூச்சின் ஈரம் காய்வதற்குள், தண்ணீரில் கரைத்த வண்ணப்பொடியை அதன்மேல் தீட்டுவதே ஃபிரெஸ்கோ. அந்த இத்தாலியச் சொல்லுக்குப் 'புதியது' என்று பொருள். இங்கே அது ஈரம் காயாத புதுப்பூச்சைக் குறிக்கிறது. பூச்சிலுள்ள சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள் பிடிபட்டுச் சுவரோடு சுவராகிவிடுகிறது. அதற்குப் பசை தேவைப்படுவதில்லை.

ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், ஓவியர் அன்றைக்குத் தீட்டக்கூடிய அளவுக்கு மட்டுமே சுவரில் பூச்சு ஏற்றுவார். அந்த ஒருநாள் துண்டை இத்தாலியர் 'ஜோர்னாத்தா' என்பார்கள். ஈரப்பூச்சில் தீட்டிய முகத்தை அழித்துத் திருத்த வழியில்லை; பிடிக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். ஒரு கண் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஒரு கை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை என்று நம்பிப் படத்தை வாசிக்க இதுவே அடிப்படை.

படத்தில் யார் யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒரே கூட்டமாகத்தான் தெரிகிறது.

பாறை மேடு ஒன்றின் முன்னால், மரக்கால்கள் தாங்கும் ஒரு கூரை கோணலாக நிற்கிறது. அதன் கீழே மரியா படுத்திருக்கிறார். உடலை இடப்பக்கமாகத் திருப்பி, துணியில் இறுகச் சுற்றப்பட்ட குழந்தையைத் தீவனத் தொட்டியருகே பிடித்திருக்கிறார். படத்தின் இடது ஓரத்தில் பாதி மட்டுமே தெரியும் பெண் ஒரு மருத்துவச்சி. அவருடைய கைகளும் குழந்தையை நோக்கி நீள்கின்றன. தொட்டியை ஒட்டி ஒரு மாடும் ஒரு கழுதையும் நிற்கின்றன. முன்னால், தரையில், மரியாவின் கணவர் யோசேப்பு தலையைக் கையில் தாங்கியபடி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அப்பால் ஆடுகள் இருக்கின்றன. வலப்பக்கம் இரண்டு இடையர்கள் நமக்கு முதுகு காட்டி நின்று மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். கூரைக்கு மேலே வானதூதர்கள் பறக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் இடையர்கள் பக்கமாகத் திரும்பிச் செய்தி சொல்கிறார்.

கூட்டமாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒரே கட்டத்துக்குள் இரண்டு நிகழ்வுகள் இருப்பதுதான். லூக்கா நற்செய்தியில் பிறப்பு ஓரிடத்தில் நடக்கிறது. இடையர்களுக்குச் செய்தி வயல்வெளியில் சொல்லப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துத் தீட்டுவது ஜோத்தோவுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே வழங்கிவந்த மரபு. இடப்பாதியைத் தனியாகவும் வலப்பாதியைத் தனியாகவும் கையால் மறைத்துப் பாருங்கள், கூட்டம் கலைந்துவிடும்.

குழந்தை பிறந்திருக்கிறது, ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே? இது மகிழ்ச்சியான படமா, சோகமான படமா?

இதுவே நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி. சிரிப்பை முகத்தில் தேடுவதால்தான் இந்த ஐயம் வருகிறது. ஜோத்தோவின் மனிதர்களுக்கு நீண்டு ஒடுங்கிய கண்களும் நேரான மூக்கும் மூடிய வாயும் உண்டு. முகத்தசைகள் பெரிதாக அசைவதில்லை. உணர்ச்சி அவர்களிடம் உடல் முழுவதிலும் இருக்கிறது. தமிழில் 'மெய்ப்பாடு' என்றொரு சொல் நம்மிடம் உண்டு. மனத்தில் நிகழ்வது மெய்யில், அதாவது உடலில், வெளிப்படுவது என்று அது பொருள்படும். இந்த ஓவியத்தை வாசிக்க அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன்.

மரியாவைக் கவனியுங்கள். பிள்ளை பெற்ற களைப்பில் படுத்திருக்க வேண்டிய உடல், இடுப்பிலிருந்து முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் எழும்ப முயல்கிறது. கால்கள் ஓய்வில் இருக்கின்றன. தோளும் கைகளும் ஓய்வை மறுத்துவிட்டன. அவருடைய பார்வை வானதூதர்களிடமோ இடையர்களிடமோ போகவில்லை, நம்மிடமும் வரவில்லை. நேராகக் குழந்தையின் முகத்துக்குப் போகிறது, குழந்தையும் அவரைப் பார்க்கிறது. இதற்கு முந்தைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) மரபுப் படங்கள் பலவற்றில் மரியா குழந்தைக்கு அப்பால் முகத்தைத் திருப்பித் தனியே சாய்ந்திருப்பார். கீழே ஒரு மூலையில் பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். ஜோத்தோ இங்கே குளியலை எடுத்துவிட்டார். ஒரே ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அவரையும் தாய்க்கும் பிள்ளைக்கும் உதவும் வேலையில் நிறுத்திவிட்டார். அதனால் தாயும் பிள்ளையும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நொடிக்கு இடம் கிடைத்தது. இது மகிழ்ச்சியா என்றால், ஆம். ஆனால் சிரிக்கக்கூட நேரம் தராத அளவுக்கு ஆழமான கவனமாக இருக்கும் மகிழ்ச்சி.

மாடும் கழுதையும் பைபிளில் எங்கே வருகின்றன? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பிறப்பை விவரிக்கும் நற்செய்திப் பகுதிகளில் அவை இல்லை. லூக்கா தீவனத் தொட்டியை மட்டுமே குறிப்பிடுகிறார். விலங்குகள் வந்தது எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்திலிருந்து: மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் தலைவனின் தொட்டியை அறியும், என் மக்களோ என்னை அறியவில்லை என்று கடவுள் வருந்தும் வரி அது. தொட்டி என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பழங்காலக் கிறிஸ்தவர்கள் இரண்டு பகுதிகளையும் இணைத்துவிட்டார்கள். ஆகவே அவை தொழுவத்தின் அலங்காரத்துக்காக நிற்பவை அல்ல. மனிதர் தவறவிட்டதை அறிந்துகொண்டவை என்ற பொருளோடு நிற்கின்றன.

1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி, கிரெச்சோ என்ற ஊரில், உண்மையான தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து வழிபாடு நடத்தினார். ஜோத்தோ அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தவர். குறியீடாக மட்டும் இருந்த விலங்குகளுக்கு உடலும் மூச்சும் கிடைத்த காலம் அது. பாதுவாச் சுவரில் அவை குழந்தைக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று பார்த்தால் இந்த மாற்றம் புரியும்.

யோசேப்பு ஏன் தூங்குகிறார்? மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கும்போது இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பாரா? கோபமா, சந்தேகமா?

கன்னத்தைக் கையில் தாங்குவது இடைக்கால ஓவியத்தில் மூன்று நிலைகளுக்குப் பொதுவான அடையாளம்: துயரம், ஆழ்ந்த சிந்தனை, தூக்கம். மூன்றில் எது என்று தனியே பார்த்துச் சொல்லிவிட முடியாது. பைசாந்திய மரபில் யோசேப்பு ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பொதுவாக ஐயத்தின் அடையாளமாகவே கொள்வார்கள். மரியா கருவுற்றதை அறிந்து அவரை மறைவாக விலக்கிவிட யோசேப்பு நினைத்தார் என்று மத்தேயு நற்செய்தி கூறுவதே அதற்கு அடிப்படை. பிறப்பு அவரால் நிகழ்ந்தது அல்ல என்பதைக் காட்டவும் அவரை விலக்கி உட்காரவைத்தார்கள்.

ஆனால் அதே மத்தேயுவில் யோசேப்புக்குக் கடவுளின் கட்டளைகள் அனைத்தும் கனவில்தான் வருகின்றன. மரியாவை ஏற்றுக்கொள்ளச் சொன்னது கனவில். எகிப்துக்குத் தப்பி ஓடச் சொன்னது கனவில். திரும்பி வரச் சொன்னதும் கனவில். இவருக்குத் தூக்கம் என்பது அழைப்பைக் கேட்கும் இடம். பிறப்புக் காட்சி இருக்கும் இதே தென்சுவரில் சற்றுத் தள்ளி எகிப்துக்குத் தப்பியோடும் காட்சி இருக்கிறது. அங்கே யோசேப்பு விழித்து, நடந்து, வழிநடத்துகிறார். முதல் கட்டத்தில் ஒடுங்கிக் கிடக்கும் உடல் பின்னால் வரும் கட்டத்தில் நிமிர்ந்து நடப்பதைக் கண்டபின், அவரைக் கோபக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. களைப்பும் கவலையும் கலந்த காத்திருப்பு என்று சொல்வேன். இரவு முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, விடியும் நேரத்தில் கண் செருகிய ஒரு தகப்பன் போல அவர் இருக்கிறார்.

வேறு படங்களில் மரியா குழந்தை முன் மண்டியிட்டுக் கும்பிடுகிறாரே, இங்கே மட்டும் ஏன் படுத்திருக்கிறார்?

பழைய மரபு படுத்திருப்பதுதான். சுவீடனின் பிரிஜித் என்ற புனிதர் 1372-இல் பெத்லகேமுக்குச் சென்றபோது கண்ட காட்சியில், மரியா வலியின்றிப் பெற்றெடுத்து மண்டியிட்டு வணங்குகிறார். குழந்தை ஆடையின்றித் தரையில் ஒளிவீசிக் கிடக்கிறது. அந்தக் காட்சி விவரிப்பு பரவிய பிறகு இத்தாலியிலும் வட ஐரோப்பாவிலும் ஓவியர்கள் அதையே பின்பற்றத் தொடங்கினார்கள். ஜோத்தோ அதற்கு 70 ஆண்டுகள் முந்தியவர்.

இரண்டையும் ஒப்பிட விரும்பினால் ஃபுளோரன்ஸ் நகரின் சான் மார்கோ துறவு மடத்துக்கு வாருங்கள். 1440-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிரா ஆஞ்செலிகோ அங்கே ஒரு துறவியின் அறைச்சுவரில் கிறிஸ்து பிறப்பைத் தீட்டினார். அதில் எல்லோரும் முழந்தாளிட்டிருக்கிறார்கள், குழந்தை தரையில் கிடக்கிறது. யாரும் குழந்தையைத் தொடவில்லை. அந்த அறையில் தனியே செபித்த துறவிக்கு அது வழிபடக் கற்றுக்கொடுத்த படம். பாதுவாப் படமோ தொடுவதைப் பற்றியது. வழிபாடும் தொடுகையும் வெவ்வேறு உணர்ச்சிகள். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்தால் இரண்டையும் இழந்துவிடுவோம்.

மரியாவின் மேலாடை நீலமாகத்தானே இருக்க வேண்டும்? இங்கே வெளிறிப்போய் இருக்கிறதே, ஏழ்மையைக் காட்டவா?

இல்லை. மேலாடை நீலமாகவே இருந்தது, உதிர்ந்துவிட்டது. முதல் விடையில் சொன்ன ஈரப்பூச்சு முறைக்கு எல்லா வண்ணங்களும் ஒத்துவருவதில்லை. செப்புக் கனிமத்திலிருந்து எடுக்கும் அசுரைட் என்ற நீலத்தைப் பூச்சு காய்ந்த பிறகு பசை கலந்து மேலே ஏற்றுவதே வழக்கம். அப்படி ஏற்றிய வண்ணம் சுவருக்குள் இறங்குவதில்லை, சுவர்மேல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். 700 ஆண்டுகளின் ஈரமும் தூசும் அதை உரித்துவிட்டன. அடிப்பூச்சும் உள்ளங்கியின் சிவப்பும் இப்போது வெளியே தெரிகின்றன.

இந்த ஒரு செய்தியை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவரின் காயத்தைக் குறியீடாக வாசிக்கும் தவறு மிக எளிதில் நேர்ந்துவிடுகிறது. அந்த வெளிறிய ஆடையைத் தாழ்மை என்றும், துயரம் என்றும் உருக்கமாக விளக்கும் பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். மனத்தில் அடர் நீலத்தைத் திரும்பப் போர்த்திப் பாருங்கள்: பாறையின் மங்கலான நிறத்துக்கு நடுவே ஒரு பெரிய நீலப் பரப்பு கிடந்திருக்கும், கண் முதலில் அங்கேதான் போயிருக்கும்.

குழந்தையை ஏன் பிணத்தைச் சுற்றுவது போல் துணியில் சுற்றியிருக்கிறார்கள்? பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

துணியில் பொதிவது அக்காலத் தாய்மார் எல்லோரும் செய்தது. லூக்காவும் அதைச் சொல்கிறார். ஆனால் உங்கள் சங்கடம் தவறில்லை. பிறப்பின் துணியையும் அடக்கத்தின் துணியையும் ஒன்றோடொன்று ஒத்திருக்கச் செய்வது கிழக்குத் திருச்சபையின் ஓவியங்களில் வேரூன்றிய வழக்கம். தொட்டியைக்கூட அங்கே பல ஓவியர்கள் கல்லறைப் பெட்டி போலவோ பீடம் போலவோ தீட்டினார்கள். பிறந்த இடத்திலேயே முடிவும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

பாதுவாவில் இதற்குச் சுவரிலேயே சான்று உண்டு. எதிரே வடசுவரின் கீழ்வரிசையில், சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட மகனின் உடலை மரியா மடியில் தாங்கி, முகத்தோடு முகம் வைத்துக் குனிந்திருக்கும் புலம்பல் காட்சி இருக்கிறது. வானதூதர்கள் மேலே கைகளை விரித்துக் கதறுகிறார்கள். பிறப்புக் காட்சியில் இரு முகங்களுக்கும் இடையே இருந்த சிறு இடைவெளி அங்கே இல்லாமல் போய்விட்டது. தாயும் மகனும் முகம் பார்த்த முதல் நொடியையும் கடைசி நொடியையும் ஒரே ஓவியர் ஒரே அறையில் தீட்டியிருக்கிறார்; ஒன்றின் கனம் மற்றதில் ஏறாமல் இருக்காது.

அப்படியென்றால், மகன் சாகப்போவது தெரிந்துதான் மரியா அந்த முகத்தோடு பார்க்கிறாரா?

பார்க்கும் நமக்குத் தெரியும். ஆலயத்துக்குள் வந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். மரியாவுக்குத் தெரியும் என்று படம் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. முன்னறிவைக் காட்ட விரும்பும் ஓவியர் பொதுவாகத் தாயின் பார்வையைக் குழந்தையை விட்டு அகற்றித் தொலைவுக்கு அனுப்புவார். இங்கே பார்வை அகலவேயில்லை. லூக்கா நற்செய்தி, மரியா இவற்றையெல்லாம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று மட்டுமே சொல்கிறது. அந்த அளவோடு நிற்பதே சரி என்பது என் கருத்து. துணியும் தொட்டியும் இறப்பை நினைவூட்டலாம். தாய்க்கு அன்றைக்கு அந்தச் சுமை வேண்டாம்.

இடையர்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். முகமே தெரியாதவர்களிடம் என்ன உணர்ச்சியைப் பார்ப்பது?

இவர்களுடைய முதுகை நாம் பார்ப்பதால், இவர்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னாலேயே நாமும் நிற்கிறோம் என்ற உணர்வு தானாக வந்துவிடுகிறது. பின்னோக்கிச் சாய்ந்த தலையைப் பாருங்கள். மேலிருந்து ஒரு குரல் வந்தால் கழுத்து எப்படி வளையுமோ அப்படியே வளைந்திருக்கிறது. வியப்பைத் தெரிவிக்க முகம் வேண்டியதில்லை என்று துணிந்த ஓவியர்கள் அக்காலத்தில் மிகக் குறைவு.

ஜோத்தோவின் மாணவர் தத்தேயோ காத்தி, ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்திலுள்ள பரோன்செல்லி சிற்றாலயத்தில் இதே செய்தியை இரவுக் காட்சியாகத் தீட்டினார். அங்கே வானதூதரின் ஒளி இருட்டைப் பிளந்து மலைச்சரிவிலும் இடையர்கள்மேலும் விழுகிறது. ஆசிரியர் கழுத்தின் வளைவால் சொன்னதை மாணவர் ஒளியால் சொன்னார்.

எந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம் என்று பட்டியல் கிடைக்கிறதே. அதை வைத்துக்கொண்டு வாசித்தால் போதாதா?

பட்டியல் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அதை மட்டும் நம்பினால் எங்கே போய் முட்டிக்கொள்வோம் என்பதற்கு யோசேப்பின் மஞ்சள் போர்வையே போதும். மஞ்சள் துரோகத்தின் நிறம் என்று பட்டியல்கள் சொல்கின்றன. யூதாசு இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் காட்சியில், இதே ஆலயத்தில், யூதாசின் பரந்த மஞ்சள் போர்வை இயேசுவின் உடலையே மூடிவிடுகிறது. அங்கே அந்த விளக்கம் அச்சமூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. அதை அப்படியே தூக்கி வந்து யோசேப்பின்மேல் வைத்தால் என்ன ஆகும்? நேர்மையாளர் என்று மத்தேயு அழைத்தவரைத் துரோகியாக்கிவிடுவோம். தலைமைத் திருத்தூதர் பேதுருவுக்கும் நீல உள்ளங்கியும் மஞ்சள் போர்வையும் தருவது நெடுநாள் ஓவிய வழக்கம்.

நிறத்துக்கு அகராதிப் பொருள் கிடையாது. யார் உடுத்தியிருக்கிறார், அந்தத் துணி என்ன செய்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே பொருளைத் தருகிறது. யூதாசின் போர்வை ஒருவரை விழுங்குகிறது. யோசேப்பின் போர்வை, குளிரில் ஒடுங்கிய ஒரு முதியவரைப் போர்த்தியிருக்கிறது.

இந்த ஆலயத்தைக் கட்டியவர் வட்டிக்காரரின் மகன் என்கிறார்கள். அது தெரிந்தபின் படத்தை அதே மனத்தோடு பார்க்க முடியவில்லையே?

கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரோவெக்னி, பெரும் செல்வர். பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை 1300-இல் வாங்கி இதைக் கட்டினார். 1305 மார்ச் 25 அன்று ஆலயம் அருட்பொழிவு பெற்றது. அவருடைய தந்தை ரெஜினால்தோவை, கவிஞர் தாந்தே தம் காவியத்தில் வட்டிக்காரர்களோடு நரகத்தில் உட்காரவைத்தார். பாவப் பரிகாரத்துக்காகவே ஆலயம் எழுந்தது என்று பலர் கருதுவதற்கு இந்தப் பின்னணியே காரணம்.

சுவர்களில் பணம் பற்றிய எச்சரிக்கை உண்டு என்பதும் உண்மை. பீடத்துக்கு முன்னுள்ள வளைவின் ஒரு பக்கம் யூதாசு பணப்பை வாங்குகிறான். மறுபக்கம் மரியாவும் அவருடைய உறவினர் எலிசபெத்தும் கருவுற்ற நிலையில் தழுவிக்கொள்கிறார்கள். ஒரு கை பணத்தைப் பற்றுகிறது, எதிரே இரு பெண்களின் கைகள் ஒருவரையொருவர் பற்றுகின்றன. இதை மனத்தில் வைத்துப் பிறப்புக் காட்சிக்கு வந்தால், அங்கே யாரிடமும் எதுவும் இல்லை என்பது உறைக்கும். திறந்த கூரை, கல்தரை, ஒரு தொட்டி. செல்வர் ஒருவர் தம் பணத்தில் இதைத் தம் கண்முன் தீட்டச் சொன்னார் என்பது படத்தைக் கெடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். அவருக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்று காட்டுகிறது.

நான் கிறிஸ்தவன் இல்லை. எனக்கு இதெல்லாம் விளங்குமா?

தாய் பிள்ளையை முதன்முதலில் பார்ப்பது விளங்கும். அதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை. மாடு, கழுதை, துணி, தொட்டி ஆகியவை விளங்க மட்டும் சில கதைகள் தெரிந்திருக்க வேண்டும், அவற்றை மேலே சொல்லியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: இது வழிபாட்டுக்காகத் தீட்டப்பட்டது என்பதை மறந்து, உணர்ச்சியை மட்டும் தனியே உரித்தெடுத்துவிட வேண்டாம். அந்தக் குழந்தை கடவுள் என்று நம்பியவர்களுக்காகவே அவ்வளவு சாதாரணமான தாய்மை அங்கே தீட்டப்பட்டது. அந்த நம்பிக்கையை விலக்கினால் சாதாரணத்தின் வியப்பும் விலகிவிடும்.

ஓவியர் இப்படித்தான் நினைத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களாக ஏற்றிச் சொல்வது இல்லையா?

அவர் மனத்தில் இருந்ததை யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் எந்த விளக்கமும் சம மதிப்புடையது என்றும் ஆகிவிடாது. ஒரு விளக்கத்தை நான் ஏற்பதற்கு முன் சிலவற்றைச் சரிபார்ப்பேன். அது சுட்டும் பொருள் உண்மையிலேயே சுவரில் இருக்கிறதா, அல்லது நீல ஆடை போல உதிர்ந்ததால் தோன்றியதா? அக்காலத்தவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வழி உண்டா? பிரிஜித்தின் காட்சியை வைத்து ஜோத்தோவை விளக்கினால் ஆண்டுக்கணக்கே உதைக்கும். அதே ஓவியரின் வேறு கட்டங்கள் அதை ஆதரிக்கின்றனவா? யோசேப்பைப் பற்றிய என் வாசிப்பு எகிப்துப் பயணக் காட்சியைச் சார்ந்தே நிற்கிறது. அந்தக் கட்டம் இல்லாதிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன்.

ஜோத்தோ கண்ணால் கண்டதை நம்பியவர் என்பதற்குப் பக்கத்துக் கட்டமே சான்று. ஞானிகள் வணங்கும் காட்சியில் பெத்லகேம் விண்மீனை அவர் வாலுள்ள நெருப்புக் கோளமாகத் தீட்டினார். 1301-இல் வானில் தோன்றிய ஹாலி வால்மீனைப் பார்த்ததன் விளைவு அது என்று பலரும் கருதுகிறார்கள். 1986-இல் அதே வால்மீனை நெருங்கிச் சென்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜோத்தோ என்றே பெயரிட்டார்கள்.

பிறப்புக் காட்சிக்கு நேர் கீழே இறுதி இராவுணவு இருக்கிறதே, அது தற்செயலா?

தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்பதே என் முடிவு. முந்தைய விடையில் சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் இது தாங்குகிறது. தீவனத் தொட்டி என்பது உணவு வைக்கும் இடம். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். இது இடைக்கால மறையுரையாளர்களுக்கு நன்கு தெரிந்த விளக்கம். மேலே தொட்டியில் கிடத்தப்படுபவர் கீழே அப்பத்தைத் தம் உடல் என்று சொல்லிப் பகிர்கிறார். அடுத்த கட்டத்திலும் இந்த மேல்-கீழ் உறவு தொடர்கிறது: மேலே ஞானிகளில் ஒருவர் குழந்தையின் முன் முழந்தாளிடுகிறார், கீழே அந்தக் குழந்தை வளர்ந்து சீடர்களின் பாதங்களைக் கழுவ முழந்தாளிடுகிறார். இந்த இரண்டாவது இணையைக் கண்ட பிறகு முதலாவதைப் பற்றி எனக்கு ஐயமே எழவில்லை.

நேரில் பார்க்கப் போகிறேன். நேரம் குறைவாமே, எதை முதலில் பார்ப்பது?

ஈரமும் தூசும் உள்ளே போகாமல் இருக்க, பார்வையாளர்களைக் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் முன்னறையில் ஏறத்தாழ 15 நிமிடம் உட்காரவைத்த பிறகே ஆலயத்துக்குள் அனுமதிப்பார்கள். உள்ளே கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கச் சுவர், நடுவரிசை, பீடத்துக்கு மிக அருகிலுள்ள கட்டம்.

மரியாவின் முகத்தைத் தேடாமல் கைகளிலிருந்து தொடங்குங்கள். தாயின் கைகளும் மருத்துவச்சியின் கைகளும் ஒரே பொதியில் இருக்கின்றன. தாய் குழந்தையைக் கொடுக்கிறாரா, வாங்குகிறாரா, கிடத்துகிறாரா என்று பாருங்கள். நான் எத்தனை முறை பார்த்தும் அதைத் தீர்மானித்ததில்லை. பிறகு அங்கிருந்து கண்ணை எடுக்காமல் மேலே நகர்த்தினால் இரு முகங்களுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிக்கு வந்து சேர்வீர்கள்.